எங்கள் தெருவில் பெண்கள் காப்பகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக்குள் அடி உதை தாங்காமல் வெளியேறிய பெண்கள் தங்கும் இல்லங்கள் பற்றி, அவற்றுக்கு அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். இல்ல நிர்வாகத்திலும் குடும்ப வன்முறை வழக்குகளிலும் பணியாற்றுவோர் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள். கடிதம் எழுதியவர்களின் பெயர்களையும் தெருப் பெயர்களையும் நீக்கிவிட்டோம். ஏன் என்பது பதில்களைப் படிக்கும்போது தெரியும்.

*எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த மாடி வீட்டை ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்திருக்கிறது. பெண்கள் காப்பகமாம். தெருவில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படிச் செய்யலாமா? அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?*
— வாசகர், பெரம்பூர்

செய்யலாம். தெருக்காரர்களின் சம்மதம் உரிமத்துக்கான நிபந்தனை இல்லை. ஆனால் உரிமம் கட்டாயம். தமிழ்நாட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்த 2014-ல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி மாவட்ட ஆட்சியரிடம் பதிவுசெய்து உரிமம் பெற்றுத்தான் நடத்த வேண்டும். கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று எல்லாம் அந்த விண்ணப்பத்தோடு போகும்.

முதலில் அது எந்த வகை இல்லம் என்று கேளுங்கள். பாதிச் சண்டை இது தெரியாததால்தான் வருகிறது. அரசின் ‘தோழி’ விடுதி, வேலைக்குப் போகும் பெண்கள் காசு கொடுத்துத் தங்குமிடம். மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம், நடைபாதையில் படுப்பவர்களுக்கானது. ‘சகி’ எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம், அவசரத்துக்கு ஐந்து நாள் வரை தங்கவைத்து மருத்துவ, சட்ட, காவல் உதவி ஏற்பாடு செய்யும் இடம். ‘சக்தி சதன்’ நீண்ட நாள் தங்கும் இல்லம். முன்பு ‘ஸ்வாதார்’, ‘உஜ்வாலா’ என்று தனித்தனியாக இருந்த இரண்டு திட்டங்களை 2022-ல் இணைத்து இந்தப் பெயர் வைத்தார்கள். இவை தவிர, தொண்டு நிறுவனங்கள் சொந்தமாக நடத்தும் இல்லங்களும் உண்டு. வகைக்கு வகை ஆள் எண்ணிக்கையும் வந்துபோகும் நேரமும் மாறும்.

அனுமதி பற்றி இல்லத்தின் நிர்வாகியிடமே கேட்கலாம். உரிம எண், செல்லுபடியாகும் தேதி, எத்தனை பேருக்கு அனுமதி ஆகிய மூன்றையும் சொல்வதில் அவருக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. சொல்ல மறுத்தால் மாவட்ட சமூகநல அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘யார் யார் தங்கியிருக்கிறார்கள், எந்த ஊர், என்ன வழக்கு’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் தகவலை மறுக்க அதே சட்டத்தின் 8(1)(ஜி) பிரிவு இடம் தருகிறது. மறுப்பதுதான் சரியும்கூட.

*குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம் போட்டு, இல்லத்துப் பெண்களையும் அழைத்து அறிமுகம் செய்துவைக்கலாம் என்று இருக்கிறோம். பழகினால் பயம் போய்விடும் அல்லவா?*
— சங்கச் செயலாளர், விருகம்பாக்கம்

நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பெண்களை அழைக்காதீர்கள். நாற்பது பேர் முன்னால் நிற்கவைத்தால் முகமும் பெயரும் ஊரும் நாற்பது வீடுகளுக்குப் போய்விடும். அதில் ஒரு வீட்டுக்காரரின் மைத்துனர் அந்தப் பெண்ணின் ஊர்க்காரராக இருந்தால் போதும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2006-ஆம் ஆண்டு விதிகளில் 16-ஆவது விதி இதற்காகவே இருக்கிறது. பெண் விரும்பினால், அவள் அங்கே இருக்கிறாள் என்பதை இல்லம் வெளியிடக் கூடாது, அவள் யார் மீது புகார் சொன்னாளோ அவருக்கும் தெரிவிக்கக் கூடாது.

கூட்டம் கட்டாயம் போடுங்கள், சிறிதாக. இல்லத்தின் நிர்வாகி, சங்கத்திலிருந்து மூன்று பேர், இருபக்கத்து வீட்டுக்காரர்கள், எதிர்வீட்டுக்காரர், முடிந்தால் வார்டு உறுப்பினர், காவல் நிலையத்திலிருந்து ஒரு பெண் உதவி ஆய்வாளர். பத்துப் பேரைத் தாண்ட வேண்டாம். இடம் இல்லமாக இருக்கக் கூடாது; சங்க அறையோ பக்கத்துப் பள்ளி வகுப்பறையோ போதும். முக்கால் மணி நேரம்.

பேச வேண்டியவை தினசரி விஷயங்கள்: தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும், பின்னோக்கி எடுக்கும்போது யார் வண்டியை நகர்த்துவது, குப்பை வண்டி வரும் நேரத்துக்கு யார் வாளியைக் கொண்டுவருவது, இரவில் ஆட்டோ வந்தால் ஹாரன் அடிக்காமல் எங்கே நிறுத்துவது, மொட்டைமாடியில் துணி உலர்த்தினால் அடுத்த வீட்டு மாடியிலிருந்து பார்வை படாமல் பச்சை வலை கட்டுவது. எல்லாவற்றையும்விட முக்கியம், நள்ளிரவிலும் எடுக்கப்படும் ஒரே ஒரு கைப்பேசி எண். பொறுப்பாளர் மாறினாலும் எண் மாறக் கூடாது. பெரும்பாலான தகராறுகள், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மூன்று நாள் மனத்துக்குள் வைத்திருந்து நான்காம் நாள் வாசலில் வெடிப்பவை.

முடிவுகளை ஒரு தாளில் எழுதி இருதரப்பும் கையெழுத்திடுங்கள். தாளில் ‘நம் தெரு இல்லம்’ என்று மட்டும் இருக்கட்டும், கதவு எண் வேண்டாம். அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி உட்காருங்கள். அந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முதல் கூட்டத்தில் தலையாட்டியவர்கள் நிஜமாகவே என்ன நினைத்தார்கள் என்பது அப்போதுதான் வெளிவரும்.

*இல்லம் வந்த நாளிலிருந்து எங்கள் வாசலில் சாக்கடை பொங்குகிறது. கேட்டால் ‘நாங்கள் காரணமில்லை’ என்கிறார்கள்.*
— வாசகி, கொளத்தூர்

அவர்கள் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பத்தே நிமிடத்தில் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. இல்லத்தின் சுற்றுச்சுவருக்குள் தெருக் குழாயோடு சேருவதற்கு முன் உள்ள கடைசி சேம்பரின் (கழிவுநீர்க் குழாய்கள் சேரும் சிறு தொட்டி) மூடியைத் திறந்து பாருங்கள். அதில் கழிவுநீர் தேங்கி நின்றால் அடைப்பு தெருப் பக்கம். சேம்பர் காலியாக இருந்து, உள்ளே குளியலறையில் மட்டும் தண்ணீர் இறங்காவிட்டால் அடைப்பு வீட்டுக்குள். தெருப் பக்கம் என்றால் குடிநீர் வாரியத்துக்கு 044-4567 4567 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் பகுதி டிப்போவில் பின்தொடருங்கள். தண்ணீரை வேகமாகப் பாய்ச்சி அடைப்பு நீக்கும் ஜெட் ராடிங் வண்டி வந்துதான் எடுக்க வேண்டும். எந்த நிலையிலும் ஆளை உள்ளே இறக்கச் சொல்லாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், விஷவாயு அடித்தால் உயிர் போய்விடும்.

இல்லத்தின் பக்கம் என்றால் கணக்கு எளிது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான வழக்கமான திட்ட அளவு. 30 பேர் இருந்தால் 4,050 லிட்டர். ஐந்து பேர் குடும்பத்துக்காகப் போட்ட நாலு அங்குலக் குழாயில், காலை ஆறிலிருந்து எட்டுக்குள் அதில் பெரும்பகுதி இறங்குகிறது. தண்ணீர் மட்டும் என்றால் குழாய் தாங்கிவிடும். அடைப்பது நாப்கினும் குழந்தைகளின் டயப்பரும் தலைமுடியும், சமையலறையிலிருந்து வரும் எண்ணெயும் சாதமும். ஒவ்வொரு கழிப்பறையிலும் மூடியுள்ள கால்மிதிக் குப்பைக்கூடை, பக்கத்திலேயே கட்டிவைத்த பழைய செய்தித்தாள், வடிகால் வாயில் சிறு துளைகள் உள்ள சல்லடை மூடி, சமையலறைக் குழாயில் எண்ணெய்த் தடுப்புத் தொட்டி. தொட்டியை வாரம் ஒருமுறை வழிக்க வேண்டும், சேம்பரை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். சுற்றிவைத்த நாப்கினைத் தனிப் பையில் போட்டு, அடையாளமிட்டு, துப்புரவுப் பணியாளரிடம் கையில் தர வேண்டும். மக்கும் குப்பையோடு கலந்தால் அவர்கள்தான் கைவிட்டுப் பிரிக்க நேரிடும்.

இன்னொன்றும் பாருங்கள். பொங்குவது மழை நாளில் மட்டும்தானா? அப்படியென்றால் தெருவில் யாரோ மொட்டைமாடி மழைநீர்க் குழாயைக் கழிவுநீர் சேம்பரில் இணைத்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைத் தெருக்களில் இது சாதாரணமாக நடப்பது. அந்த வீடு உங்களுடையதாகவும் இருக்கலாம், ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

*குடித்துவிட்டு ஒருவர் இரவு பதினொரு மணிக்கு வந்து, மனைவியை அனுப்பச் சொல்லித் தெருவே அதிரக் கத்துகிறார். இரண்டு முறை நடந்துவிட்டது. வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்களுக்குப் பாதுகாப்பு யார்?*
— வாசகர், அம்பத்தூர்

உங்கள் பயம் நியாயமானது. இதை யாரும் அற்பமாகப் பேசக் கூடாது. அவர் கத்தத் தொடங்கியதும் 112-க்கு அழையுங்கள். ‘இல்லத்தார் கூப்பிட்டிருப்பார்கள்’ என்று இருந்துவிடாதீர்கள். மூன்று வீடுகளிலிருந்து மூன்று அழைப்புகள் போவதுதான் நல்லது. தெரு, அடையாளம், வண்டி எண், கையில் ஏதாவது வைத்திருக்கிறாரா, எத்தனை பேர், போதையில் இருக்கிறாரா என்பதைச் சொல்லுங்கள். கதவைத் தாழிட்டு, வாசல் விளக்கைப் போட்டுவையுங்கள். இறங்கிப் போய் வாக்குவாதம் செய்யாதீர்கள், கூட்டமாகச் சேர்ந்து அடிக்கவும் அடிக்காதீர்கள். அடித்தால் மறுநாள் காலை புகார்தாரர் அவர், எதிரி நீங்கள்.

மறுநாள் இல்லத்தாரும் சங்கமும் சேர்ந்து எழுத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் ஒப்புகை) வாங்குங்கள். இரண்டு முறை நடந்ததற்கும் தேதியும் நேரமும் வேண்டும். அந்தப் பெண் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை பெற்றிருந்தால், அதை மீறுவது குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். ஆணை வாங்காமல் இருந்தால், உங்கள் ரசீதும் கேமரா பதிவும் அதை வாங்க உதவும். தெருவுக்குத் தொந்தரவாகப் படுவது, அவளுக்குச் சாட்சியம்.

இனி, அவர் எப்படி அந்த வாசலைக் கண்டுபிடித்தார்? இந்தக் கேள்விக்கு விடை தேடாமல் காவலாளியை மட்டும் கூட்டிப் பயனில்லை. பழைய கைப்பேசியில் கணவரின் கூகுள் கணக்கு இன்னும் இருந்திருக்கலாம். கணவர் எண் பதிவான ரேஷன் அட்டையில் பொருள் வாங்கியதும் குறுஞ்செய்தி அங்கே போயிருக்கலாம். குழந்தை சேர்ந்த புதிய பள்ளியில் பெற்றோர் எண் மாற்றாமல் இருந்திருக்கலாம். உறவினர் ஒருவருக்குப் பாசத்தில் சொல்லியிருக்கலாம். அல்லது முனைக்கடையில் கேட்டிருப்பார், ‘அந்தப் பொம்பளைங்க இருக்கற வீடா? மூணாவது கேட்டு’ என்று யாரோ காட்டியிருப்பார்கள். முதல் நான்கும் இல்லத்தின் வேலை, கடைசியது தெருவின் வேலை.

யார் வந்து கேட்டாலும் சொல்ல ஒரே வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். தெருக்காரர்களுக்கு ‘எனக்குத் தெரியாதுங்க.’ இல்லத்துக் காவலாளிக்கு ‘யார் இருக்காங்க, இல்லைன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்லை.’ பலரும் ‘அந்தப் பேர்ல யாரும் இல்லை’ என்கிறார்கள், அது தவறு. உண்மையில் இல்லாதபோது சட்டென்று வரும் அந்தப் பதில், இருக்கும்போது ஒரு நொடி தடுமாறும். தேடி வருபவர் கவனிப்பது அந்த நொடியைத்தான். அண்ணன் என்று வந்தாலும் வக்கீல் என்று வந்தாலும் கூரியர் என்று வந்தாலும் வாக்கியம் மாறக் கூடாது. இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுபவர், முனைக்கடை அண்ணாச்சி, ஆட்டோ ஸ்டாண்ட் ஆகியோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அவர்களிடம்தான் முதலில் வழி கேட்பார்கள்.

*வீட்டு விலை விழுந்துவிடும் என்கிறார்களே?*
— வாசகர், மடிப்பாக்கம்

பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும் நிர்ணயிக்கப்படுவது. பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பது அதில் வராது. சந்தை விலைக்கு வேண்டுமானால் சென்னையையே பாருங்கள். மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸில், சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் தொடங்கிய அவ்வை இல்லம் இன்றும் அடையாறில் இருக்கிறது. அடையாறில் மனை என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியும். விலையைக் குறைப்பது பொங்கும் சாக்கடையும் பராமரிக்காத கட்டடமும். அவற்றைச் சரிசெய்யக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

*அந்த வீட்டுக்கு அடிக்கடி போலீஸ் வண்டி வருகிறது. சில பெண்கள் காலை ஆறு மணிக்குப் போய் இரவு ஒன்பதுக்குத்தான் வருகிறார்கள். நடப்பது சரியான காரியம்தானா என்று சந்தேகமாக இருக்கிறது.*
— வாசகி, அயனாவரம்

போலீஸ் வண்டி வருவது பெண்ணை நீதிமன்றத்துக்கோ மருத்துவமனைக்கோ பாதுகாப்பாக அழைத்துப் போக. அல்லது, இரவில் நிலையத்துக்கு ஓடிவந்த ஒருத்தியைக் கொண்டுவந்து சேர்க்க. ஆறு மணிக்குப் போய் ஒன்பதுக்கு வருபவர்கள் வேலைக்குப் போகிறார்கள். அங்கே இருப்பவர்கள் கைதிகள் அல்லர், வயது வந்த பெண்கள். சம்பாதித்துச் சேர்த்து, முன்பணம் கட்டித் தனி வீடு பார்த்துப் போவதுதான் அவர்களின் குறிக்கோள். அதற்கு அந்த ஒன்பது மணி வேண்டும்.

உங்கள் சந்தேகத்தை எங்கும் பதிவிடாமல் இருந்ததற்கு நன்றி. இனியும் படம் எடுக்காதீர்கள். உங்கள் வீட்டு சிசிடிவி அந்த வாசலையோ ஜன்னலையோ பார்த்தபடி இருந்தால் சற்றுத் திருப்பி, உங்கள் கேட்டும் தெருவும் மட்டும் விழும்படி வையுங்கள். கூகுள் வரைபடத்தில் யாராவது அந்த இல்லத்தைக் குறித்திருந்தால் நீக்கச் சொல்லிப் புகாரளியுங்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. நீங்கள் படம் எடுக்கும் பெண் அவர்களில் ஒருத்தியா என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

*பெண்கள் இல்லத்திலிருந்து இரண்டு குழந்தைகளை எங்கள் பள்ளியில் சேர்க்க வந்திருக்கிறார்கள். மாற்றுச் சான்றிதழும் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. மற்ற பெற்றோரும் முணுமுணுக்கிறார்கள். சேர்க்கலாமா?*
— தலைமையாசிரியர், வேளச்சேரி

சேர்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 5-ஆவது பிரிவு மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. 14-ஆவது பிரிவு வயதுச் சான்றுக்கும் அதையே சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரை இந்தப் பாதுகாப்பு உண்டு.

அதற்கு மேல் உங்களால் ஆகக்கூடியது நிறைய இருக்கிறது. பழைய பள்ளியைத் தொடர்புகொள்வதற்கு முன் தாயிடமோ இல்லத்திடமோ கேளுங்கள். அங்கிருந்து தந்தைக்குச் செய்தி போகலாம். பெற்றோர் கைப்பேசி எண்ணைச் சேர்க்கும் அன்றே மாற்றுங்கள், இல்லையென்றால் ‘உங்கள் பிள்ளை இன்று வரவில்லை’ என்ற குறுஞ்செய்தி யாருக்குப் போகக் கூடாதோ அவருக்கே போகும். முகவரிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று இல்லத்தோடு பேசி முடிவுசெய்யுங்கள். மாலையில் யார் அழைத்துப் போகலாம் என்று எழுத்தில் வாங்கி, வகுப்பாசிரியரிடமும் வாயிற்காவலரிடமும் கொடுங்கள். ஆண்டுவிழாப் படங்களில் முகம் வரவேண்டாம். ‘காப்பகத்துப் பிள்ளைங்க’ என்று ஆசிரியர்களே அழைப்பதை நிறுத்தினால் பெற்றோரின் முணுமுணுப்பும் மெல்ல நின்றுவிடும்.

*கூட்டமெல்லாம் முடிந்து இப்போது சுமுகமாக இருக்கிறோம். மகள் பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போட விரும்புகிறோம். வேறு என்ன கொடுக்கலாம்?*
— வாசகி, அண்ணா நகர்

சாப்பாடு கொடுங்கள், ஆனால் முதல் நாளே எண்ணிக்கை கேளுங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பிரியாணி வந்து, மறுநாள் கொட்ட நேர்வது பல இல்லங்களில் உண்டு. பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக் கேக் வெட்டிப் படமெடுக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம்.

பழைய புடவைகள் எல்லா இல்லத்திலும் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. இல்லாதது, பெட்டி பிரிக்காத உள்ளாடைகள், அளவு வாரியாக. நைட்டி, நாப்கின், குழந்தை டயப்பர், பூட்டுடன் கூடிய சிறிய டிரங்குப் பெட்டி (தன் சான்றிதழ்களைப் பூட்டிவைக்க ஒருத்திக்கு ஒன்று வேண்டும்), வேலைக்குப் போகிறவர்களுக்குக் குடை, டிபன் பாக்ஸ். பஸ் செலவு பெரிதாக இல்லை. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். பழைய கைப்பேசி தருவதானால் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, முழுவதுமாக அழித்துவிட்டு, சிம் இல்லாமல் நிர்வாகியிடம் கொடுங்கள்.

ஒருநாள் இரவில் அந்த இல்லத்தைத் தேடிவந்த பெண் கதவு மாறி உங்கள் வீட்டைத் தட்டலாம். உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். ‘என்ன நடந்தது’ என்று கேட்டு அழவைக்காதீர்கள். ‘அடிபட்டிருக்கா? பின்னாடி யாராவது வராங்களா?’ இந்த இரண்டும் போதும். பிறகு இல்லத்தின் எண்ணுக்கோ 181-க்கோ அழையுங்கள். 181 இரவும் பகலும் எடுக்கப்படும் பெண்கள் உதவி எண். துரத்தி வருகிறார்கள் என்றால் முதலில் 112. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது எந்தப் பொறுப்பும் சுமத்த முடியாது. புகார் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று அவளைத் திருப்பி அனுப்ப இல்லத்துக்கும் உரிமையில்லை. வண்டி வரும்வரை அவள் செருப்பையும் பையையும் வாசலில் விடாமல் உள்ளே எடுத்து வையுங்கள்.